ஐயரம்மாவின் பிறந்த வீடு: விக்டோரியா காலத்துக் குருவானவர் மனைவியின் வம்சத்தைத் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். ஐயரம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது கல்லறைக் கல்லைப் பார்த்தால்தான் ஊருக்கே தெரியவரும். விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் இதே கதைதான். சபை வரலாறு எழுதுகிறவர்கள், பழைய ஆங்கில நாவல்களில் மூழ்கிய மாணவர்கள், இங்கிலாந்தில் குடியேறி உள்ளூர்க் கோயில் (சர்ச்) சுவரில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

குருவானவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. மனைவியைப் பற்றி மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?

குருவானவர் ஒரு பதவியில் இருந்தவர். பதவி இருந்தால் காகிதம் இருக்கும். 1858-ல் முதன்முதலாக வந்த கிராக்ஃபர்ட் குருமார் அடைவில் அவர் படித்த கல்லூரி, பட்டம் வாங்கிய வருஷம், எந்த ஆயர் கையால் குருப்பட்டம், எந்தெந்த ஊரில் வேலை, அந்த ஊரின் வருமானம் எவ்வளவு என்பது வரை இருக்கும். மனைவி இருக்கமாட்டார். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர் பட்டியல்களை முறையே ஃபாஸ்டரும், வென் என்ற அப்பாவும் மகனுமாகவும் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள். அதில் சிலருக்கு மட்டும் 'இன்னாருடைய மகளை மணந்தார்' என்று ஒரு வரி கிடைக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம். 1835-க்கு முன் குருப்பட்டம் பெற்றவர் என்றால் இங்கிலாந்துத் திருச்சபைக் குருமார் தரவுத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கேயும் ஐயரம்மாவைக் காணோம்.

ஆனால் ஒன்று. அவர் பெயர் இல்லாத காகிதங்களில் அவருடைய அப்பா, அண்ணன், தங்கை, பெரியம்மா எல்லோரும் இருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் அவர் பிறந்த வீட்டுக்குள் போக முடியும். கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரும்.

சரி, முதலில் எந்தக் காகிதத்தைக் கையில் எடுப்பது?

திருமணப் பதிவு. வேறு எதையும் தொடாதீர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு தொடங்கியது. அன்று முதல் கோயிலில் நடந்த திருமணமும் ஒரே அச்சுப் படிவத்தில்தான் எழுதப்பட்டது. தேதி, இருவர் பெயர், வயது, நிலை, தொழில், குடியிருந்த இடம், பிறகு இருவருடைய அப்பா பெயரும் அப்பாவின் தொழிலும். கீழே கையெழுத்துகள். அம்மா பெயருக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. இங்கிலாந்துத் திருமணப் பதிவில் அம்மா பெயரைச் சேர்த்ததே 2021 மே மாதத்தில்தான் என்றால் நம்புவீர்களா?

ஒவ்வொரு கட்டத்தையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். வயதுக் கட்டத்தில் எண் இல்லாமல் 'ஃபுல் ஏஜ்' என்று இருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று பொருள். 22-ஆகவும் இருக்கலாம், 45-ஆகவும் இருக்கலாம். மணப்பெண்ணின் தொழில் கட்டம் பெரும்பாலும் ஒரு கோடுதான். அப்பா தொழில் 'ஜென்டில்மேன்' என்றிருந்தால் பெரிய நிலச்சுவான்தார் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். கடையை விற்றுவிட்டு வட்டியில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரும் அப்படித்தான் எழுதச் சொல்வார். அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'காலமானார்' என்று இல்லாததால் அவர் உயிரோடு இருந்தார் என்றும் சொல்ல முடியாது. எழுதுகிறவர் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

'கிளார்க்' என்று போட்டிருக்கிறது. என் குருவானவர் குமாஸ்தாவாக இருந்தாரா?

இல்லை. 'குருப்பட்டம் பெற்ற கிளார்க்' என்பதன் சுருக்கம் அது. மாப்பிள்ளை, மாமனார் இருவருக்கும் 'கிளார்க்' என்று இருந்தால் குரு வீட்டுப் பெண்ணைக் குரு கட்டியிருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்தக் காலத்தில் அது சர்வசாதாரணம், உங்களுக்கும் யோகம்தான். மாமனாரைத் தேட மேலே சொன்ன அத்தனை பட்டியல்களும் உதவும். குமாஸ்தா கிளார்க்கும் உண்டு, ஆகவே கிராக்ஃபர்டில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

சாட்சிக் கையெழுத்துகள் எதற்காவது பிரயோஜனமா?

என் அனுபவத்தில் அப்பா பெயரைவிட அதிகம். சாட்சிகளில் ஒருவர் பெண்ணின் குடும்பப்பெயரையே வைத்திருந்தால் அண்ணனோ தங்கையோ. வேறு பெயர் என்றால் மணமான அக்காவாகவோ தாய்மாமனாகவோ இருக்க வாய்ப்பு. திருமணத்தை நடத்திவைத்த குருவின் பெயரையும் விடாதீர்கள். உள்ளூர்க் குரு அல்லாமல் வெளியூர்க் குரு ஒருவர் வந்து நடத்தியிருந்தால் அவர் மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர், அல்லது பெண்ணுக்குச் சித்தப்பா, அக்கா புருஷன் என்று ஏதோ ஓர் உறவு.

ஆனால் எல்லாச் சாட்சியும் சொந்தக்காரர் அல்ல. நாவலாசிரியர் சார்லட் பிரான்ட்டேவும் ஒரு குருவானவர் மனைவிதான். 1854 ஜூன் 29 அன்று ஹாவர்த்தில் தன் அப்பாவின் உதவிகுருவான ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணந்தார். சாட்சிகள் எல்லன் நஸ்ஸி, மார்கரெட் வூலர். ஒருவர் பள்ளித் தோழி, மற்றவர் பள்ளி ஆசிரியை. கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அப்பா அன்று காலை கோயிலுக்கு வரவில்லை. மிஸ் வூலர்தான் கைப்பிடித்துக் கொடுத்தார். ஆனால் பதிவேட்டின் அப்பா கட்டத்தில் அவர் பெயர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்து அவர் வந்திருந்தார் என்று முடிவு கட்டினால் தப்பு.

திருமணம் எந்த ஊரில் நடந்தது என்றே தெரியவில்லையே?

பெண் வீட்டு ஊரில்தான் தேட வேண்டும், ஆனால் அது எந்த ஊர் என்பதுதானே கேள்வி. பிள்ளையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஜி.ஆர்.ஓ. என்கிற பொதுப் பதிவகத்தின் இணைய அட்டவணையில் கணக்குத் தொடங்கினால், 1837 முதல் பிறந்த பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரைக் காட்டும். பழைய காலாண்டு அட்டவணையில் 1911-க்குப் பிறகுதான் இது உண்டு. அதைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று திரும்பியவர்கள் நிறையப் பேர். பெயர் கிடைத்ததும், மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்னாலான சில வருஷத் திருமணங்களை ஃப்ரீ பிஎம்டி தளத்தில் துழாவலாம்.

1875-க்கு முன் பிறப்பைப் பதியாமல் விட்டால் அபராதம் கிடையாது. அதனால் சில பிள்ளைகள் அட்டவணையில் இருக்கமாட்டார்கள். ஆனால் குரு வீட்டில் ஞானஸ்நானம் விட்டுப்போகுமா? கோயில் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். 1813 முதல் அச்சுப் படிவம். அப்பாவின் தொழில் கட்டத்தில் 'இந்தப் பங்கின் ரெக்டர்' (பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி, ரெக்டர் அதன் பொறுப்புக் குரு) என்றும், நடத்திவைத்தவர் கட்டத்தில் அதே கையெழுத்தும் இருக்கும்; தன் பிள்ளைக்குத் தானே தண்ணீர் தெளித்துத் தானே எழுதி வைத்திருப்பார். சில குருமார் ஓரத்தில் பிறந்த தேதியையும் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரையும் கூடுதலாகக் கிறுக்கியிருப்பார்கள். படிவம் கேட்காததை எழுதிய அந்தப் புண்ணியவான்களை நான் மனசார வாழ்த்துவதுண்டு. தலைச்சன் பிள்ளையை மட்டும் அந்தப் பதிவேட்டில் காணவில்லை என்றால் பாட்டி ஊர்க் கோயிலில் பாருங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கம் அங்கேயும் சில வீடுகளில் இருந்தது.

இன்னொன்று, லைசென்ஸ். நம் ஊர்க் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதுபோல் அங்கே 'பேன்ஸ்' வாசிப்பார்கள். ஊரெல்லாம் கேட்க அதை வாசிக்கக் கௌரவம் பார்த்த குடும்பங்கள் ஆயரிடம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கின. குருமார் பெரும்பாலும் இந்த ரகம். லைசென்ஸுக்காக மாப்பிள்ளை கொடுத்த சத்தியவாக்குமூலத்தில் பெண்ணின் ஊர் இருக்கும், வயது இருக்கும், 21 ஆகவில்லை என்றால் சம்மதம் தந்த பெற்றோர் அல்லது காப்பாளர் பெயரும் இருக்கும். ஆயரகத் தாள்கள் இப்போது அந்தந்தக் கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகங்களில் உள்ளன. கேன்டர்பரி பேராயரின் அலுவலகம் கொடுத்தவை லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்தில்.

'இந்தப் பங்கைச் சேர்ந்தவர்' என்று பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் அவர் குடும்பமே இல்லை!

இருக்காது. அந்தச் சமயத்தில் அவர் அங்கே தங்கியிருந்தார், அவ்வளவுதான் அதன் பொருள். இதற்குச் சார்லட்டின் அம்மாவையே சொல்லலாம். விக்டோரியா பட்டத்துக்கு வரும் முன்னால் நடந்தது என்றாலும் பாடம் ஒன்றுதான்.

மரியா பிரான்வெல் 1812 டிசம்பர் 29 அன்று யார்க்‌ஷயரின் கைஸ்லி கோயிலில் பேட்ரிக் பிரான்ட்டேவை மணந்தார். கைஸ்லியில் பிரான்வெல் குடும்பத்தைத் தேடினால் கிடைக்காது. மரியா பிறந்தது நாட்டின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலின் பென்சான்ஸில். அப்பா தாமஸ், அம்மா ஆன், இருவரும் இறந்தபின் யார்க்‌ஷயரில் ஒரு மெதடிஸ்டு பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை குடும்பத்துக்கு ஒத்தாசையாக வந்தவர். அன்று அந்தக் கோயிலில் இரண்டு கல்யாணம். அத்தை மகள் ஜேனுக்கும் வில்லியம் மார்கன் என்ற குருவுக்கும் ஒன்று, மரியாவுக்கும் பேட்ரிக்குக்கும் ஒன்று. பேட்ரிக் மார்கனுக்குத் திருமணம் நடத்தி வைத்தார், மார்கன் பேட்ரிக்குக்கு நடத்தி வைத்தார். அதே நாளில் பென்சான்ஸை அடுத்த மேட்ரனில் மரியாவின் தங்கைக்கும் கல்யாணம். கைஸ்லிப் பதிவேட்டில் பக்கத்துப் பதிவையும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் அந்த அத்தை குடும்பம் தெரியவரும். ஆகவே உங்கள் பதிவுக்கு முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு பதிவுகளையும் படியுங்கள், காசா பணமா.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பெயர், வயது, பிறந்த ஊர் கிடைத்துவிட்டது. இன்னும் என்ன இருக்கிறது அதில்?

வீட்டில் இருந்த மற்றவர்கள் இருக்கிறார்கள்.

நான் பார்த்த ஒரு 1861 பக்கத்தைச் சொல்கிறேன். நார்ஃபோக்கில் ஒரு சின்னக் கிராமத்து ரெக்டரி, அதாவது குருமனை. தலைவர் 48 வயது, ரெக்டர். மனைவி 36, பிறந்த இடம் சாமர்செட்டில் ஒரு ஊர். நான்கு பிள்ளைகள், மூத்தவன் அப்பாவின் ஊரில் பிறக்காமல் சாமர்செட்டில் பிறந்திருக்கிறான். மைத்துனி, 31, மணமாகாதவர். விருந்தாளி என்று 62 வயது விதவை ஒருவர், தொழில் 'ஃபண்ட்ஹோல்டர்', அதாவது அரசுப் பத்திர வட்டியில் வாழ்பவர், குடும்பப்பெயர் வேறு. பிறகு சமையல்காரி, தாதி, வேலைக்காரச் சிறுமி. தாதி மட்டும் உள்ளூர்ப் பெண் இல்லை. அவளும் சாமர்செட்!

மைத்துனியின் குடும்பப்பெயர்தான் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர். அது முதல் லாபம். தாதி கூடவே வந்தவள். அவள் பிறந்த கிராமம் எஜமானியின் கிராமத்துக்கு எட்டுகிற தூரம். அந்த விருந்தாளிப் பாட்டியை நான் முதலில் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு அவருடைய உயிலைப் பார்த்தபோது, அந்த ரெக்டர் மனைவியை 'என் தங்கை மகள்' என்று எழுதி வெள்ளிக் கரண்டிகளை விட்டுச் சென்றிருந்தார். தாய்வழிக் குடும்பம் முழுக்க அந்தக் கரண்டிகளின் பின்னாலேயே வந்தது.

எச்சரிக்கை ஒன்று. 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் கீழே குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊர் இல்லை, இதே கவுன்ட்டியா இல்லையா என்பது மட்டும்தான். 1851 முதல்தான் ஊர்ப்பெயர். 1911-ல் கல்யாணமாகி எத்தனை வருஷம், எத்தனை பிள்ளை பெற்று எத்தனை தங்கியது என்றும் கேட்டார்கள். அதுவரை உயிரோடு இருந்த அம்மாவாக இருந்தால் அந்தத் தாளை விட்டுவிடாதீர்கள்.

'மதர் இன் லா' என்று இருக்கிறது. அப்படியென்றால் மனைவியின் அம்மாதானே?

அப்படியும் இருக்கலாம், மாற்றாந்தாயாகவும் இருக்கலாம். அந்தக் கால ஆங்கிலத்தில் 'இன் லா' என்பது சிற்றன்னை, மாற்றான் பிள்ளை உறவுக்கும் போடப்பட்டது. 'டாட்டர் இன் லா' என்று ஏழு வயதுச் சிறுமியைப் பார்த்தால் பால்ய விவாகம் என்று பதறாதீர்கள்; மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த பிள்ளை அது.

மனைவி இறந்த வீட்டில் மைத்துனி பத்து இருபது வருஷம் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருப்பதையும் பார்ப்பீர்கள். நம் ஊராக இருந்தால் கொழுந்தியாளையே கட்டி வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் 1835 சட்டப்படி இறந்த மனைவியின் சகோதரியை மணப்பது செல்லாது. 1907-ல்தான் அந்தத் தடை நீங்கியது. குருவானவர் சட்டத்தை மீற முடியுமா? அதனால் அந்தப் பெண் கடைசிவரை 'மைத்துனி'யாகவே எண்ணப்பட்டார். உங்கள் தேடலுக்கு அது நல்லதுதான், பிறந்த வீட்டுப் பெயர் பத்து வருஷத்துக்கு ஒருமுறை அந்த வீட்டில் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

பிள்ளைகளின் நடுப்பெயர் விசித்திரமாக இருக்கிறதே?

விசித்திரமான நடுப்பெயர் என்றால் முக்கால்வாசி ஒரு குடும்பப்பெயர்தான். பிரான்ட்டே வீட்டு ஒரே பையன் பேட்ரிக் பிரான்வெல். அப்பா பெயர் முன்னால், அம்மாவின் குடும்பப்பெயர் பின்னால். பெண்களின் பெயர்களையும் பாருங்கள். மரியா அம்மாவின் பெயர். எலிசபெத், சார்லட், ஆன், ஜேன் எல்லாம் பிரான்வெல் வீட்டில் புழங்கிய பெயர்கள். எல்லா நடுப்பெயரும் உறவு அல்ல; ஞானத்தகப்பன் பெயராகவோ, கணவருக்கு அந்தப் பங்கைக் கொடுத்த நிலப்பிரபுவின் பெயராகவோ இருக்கும். நன்றிக்கடன்!

அவர் உயிலே எழுதவில்லை. என்ன செய்வது?

எழுத விட்டால்தானே எழுதுவார். மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்குப் போனது. அவர் சம்மதம் இல்லாமல் அவள் எழுதும் உயிலும் செல்லாது. 1882-ல் வந்து 1883 ஜனவரியில் நடைமுறையான சட்டம்தான் இதை மாற்றியது. விதவைக்கும் கல்யாணம் ஆகாதவருக்கும் இந்தத் தடை இல்லை.

அதனால் கன்னிப் பெரியம்மாக்களின் உயிலைத் தேடுங்கள். மரியா 1821-ல் நோயில் படுத்தபோது பென்சான்ஸிலிருந்து வந்து, அவர் இறந்தபின் ஹாவர்த்திலேயே தங்கிப் பிள்ளைகளை வளர்த்த அக்கா எலிசபெத் பிரான்வெல், தன் சேமிப்பை மூன்று பிரான்ட்டே பெண்களுக்கும் பென்சான்ஸில் இருந்த இன்னொரு சகோதரியின் மகளுக்கும் பங்கிட்டு எழுதினார். அந்த ஒரு தாளிலேயே மூன்று சகோதரிகளின் உறவு வெளிச்சமாகிறது. பிள்ளையில்லாதவர்கள் தங்கைகள், மருமக்கள், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதுவார்கள். பிள்ளையுள்ளவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அப்புறம் அப்பாவின் உயில். 'இன்ன குருவின் மனைவியான என் மகள்' என்று வரும். சில சமயம் அவள் பங்கு ஏற்கெனவே திருமண ஒப்பந்தப் பத்திரத்தில் கொடுக்கப்பட்டுவிட்டது என்று மட்டும் இருக்கும். அப்படியானால் ஒரு பத்திரம் எங்கேயோ இருக்கிறது. கணவன் கை படாமல் பெண்ணின் பணத்தைக் காக்க அறங்காவலர்களை நியமித்து எழுதியது அது. அறங்காவலர்கள் பெரும்பாலும் அண்ணன்மார், தாய்மாமன்மார். சார்லட்டும் கல்யாணத்துக்கு முன் இப்படி ஒன்றை எழுதிக்கொண்டார், அவருக்கு அறங்காவலராக இருந்தவர் தோழியின் சகோதரர்.

1858 ஜனவரி 12 முதல் எல்லா உயில்களுக்கும் நாடு முழுவதற்குமான ஒரே அட்டவணை உண்டு. அதற்கு முன்னால் கோயில் நீதிமன்றங்கள். அதில் பெரியதான கேன்டர்பரி நீதிமன்றத்தின் உயில்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில்.

செய்தித்தாள்?

கட்டாயம். ஒரே வரித் திருமணச் செய்திதான், ஆனால் 'காலஞ்சென்ற இன்னாரின் மூன்றாம் மகள்', 'இன்ன கேப்டனின் பேத்தி' என்று பதிவேட்டில் இல்லாத உறவெல்லாம் வரும். குடும்பம் தன் பெருமையைக் காசு கொடுத்து அச்சிட்ட இடம் அது.

இத்தனை வயதுக்கு மேல் ஏன் கல்யாணம்? மாப்பிள்ளைக்கு 43, பெண்ணுக்கு 38.

ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஃபெலோவாக (கல்லூரிச் செலவில் இருந்த உறுப்பினராக) இருந்தவர் கல்யாணம் செய்துகொண்டால் அந்த இடத்தை இழக்க வேண்டும். 1880-களின் தொடக்கத்தில் புதிய விதிகள் வரும்வரை பெரும்பாலான கல்லூரிகளில் இதுதான் நிலை. கல்லூரியின் கையில் சில ஊர்க் கோயில் பங்குகள் இருக்கும். ஒன்றில் பழைய குரு இறந்தால் வரிசையில் அடுத்த ஃபெலோவுக்கு அது கிடைக்கும். வீடும் வருமானமும் வந்தபிறகுதான் கல்யாணம். யாரோ ஒரு கிழவர் சாகக் காத்திருந்து ஒரு பெண்ணின் இளமை போயிருக்கிறது. ஆகவே பெண் ஊரைத் தேட, மாப்பிள்ளை பங்குக்கு வந்த வருஷத்துக்கு முன்னால், அவர் கல்லூரியில் இருந்த காலத்தையும் பாருங்கள்.

கணவர் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) இல்லை, தனிச் சபைப் போதகர். வேறு வழியா?

கொஞ்சம் வேறு. 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபைக் கோயிலில்தான் சட்டப்படி மணக்க முடியும். யூனிட்டேரியன் போதகர் வில்லியம் கேஸ்கலும் எலிசபெத் ஸ்டீவன்சனும் 1832-ல் நட்ஸ்ஃபர்டு பங்குக் கோயிலில் மணந்தது அதனால்தான். அதைப் பார்த்து அவர்களை ஆங்கிலிக்கன் என்று எழுதிவிடாதீர்கள். தனிச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் பல 1837-ஐ ஒட்டி அரசிடம் ஒப்படைக்கப்பட்டு இப்போது கியூவில் உள்ளன.

இந்த எலிசபெத்தும் பின்னாளில் பேர்பெற்ற நாவலாசிரியர். பிறந்தது லண்டன் செல்சியில், 1810-ல். அம்மா அடுத்த வருஷமே இறக்க, நட்ஸ்ஃபர்டில் இருந்த பெரியம்மா ஹன்னா லம் தூக்கி வளர்த்தார். பிறந்த ஊரை வைத்துச் செல்சியில் குடும்பத்தைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும்; அம்மாவின் ஹாலண்ட் குடும்பம் செஷயரில்.

ஐரிஷ் பெண் என்றால்?

கஷ்டம். 1922-ல் டப்ளின் ஆவண மாளிகை எரிந்தபோது பழைய கணக்கெடுப்புகளும் பல கோயில் பதிவேடுகளும் சாம்பலாயின. முழுசாகக் கிடைப்பவற்றில் மிகப் பழையவை 1901, 1911 கணக்கெடுப்புகள், இரண்டும் இலவசம்.

மனைவி 'மெட்ராஸில் பிறந்தவர்' என்று இருக்கிறது!

மெட்ராஸ் என்றால் மாகாணமாகவும் இருக்கலாம். சென்னைப் பட்டணம்தான் என்று நினைக்க வேண்டாம். மாகாணத்தில் நடந்த ஐரோப்பியர் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்-2 என்ற வரிசை மெட்ராஸுடையது. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைத் தேடும் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கல்லறை வாசகங்களுக்கு ஜே.ஜே. காட்டன் 1905-ல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது.

மிஷனரி மகள் என்றால் சங்கத்தின் தாள்களுக்குப் போக வேண்டும். இங்கே ஒரு சிக்கல். நம் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயர் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தவர், இடையன்குடியில் இருந்தவர், எஸ்.பி.ஜி. தாள்கள் ஆக்ஸ்ஃபர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளன. ஆனால் எலைசா நாகர்கோவில் சார்ல்ஸ் மால்ட், மார்த்தா தம்பதியின் மகள். அவர்கள் லண்டன் மிஷனரி சங்கத்தார், அந்தத் தாள்கள் லண்டன் சோவாஸ் கல்லூரி நூலகத்தில். 1844-ல் நடந்த அந்தக் கல்யாணத்தை ஒட்டி ஒரு பெண்ணின் வாழ்க்கை இரண்டு ஊர் காப்பகங்களில் பாதிப் பாதியாகக் கிடக்கிறது. போதாக்குறைக்கு நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம், மெட்ராஸ் மாகாணமே இல்லை. நாகர்கோவிலில் லேஸ் பின்னலைத் தொடங்கி வைத்தவர் இந்த மார்த்தா மால்ட். அந்தக் கைவேலை மகளோடு இடையன்குடிக்கும் வந்தது. காப்பகத்தில் அறுந்துபோன தாய்–மகள் இழை அந்த நூலில் அறாமல் இருக்கிறது.

கணவர் இறந்தபின் ஐயரம்மா காணாமலே போய்விடுகிறார்.

குருமனை பதவிக்குச் சேர்ந்தது. கணவர் கண்ணை மூடியதும் விதவை வீட்டைக் காலி செய்ய வேண்டும். அது மட்டுமா, வீட்டுப் பழுதுக்கான செலவை இறந்தவரின் சொத்திலிருந்து அடுத்து வரும் குருவுக்குக் கொடுக்க வேண்டும். கூரை ஒழுகினால் அதுவும் விதவை தலையில்!

அதனால் பத்து மைலுக்குள் தேடாதீர்கள். மகன் குருவாக இருந்தால் அவன் வீடு, இல்லையென்றால் பாத், செல்டன்ஹாம் போன்ற ஊர்கள், அல்லது தங்கையின் வீடு. கென்ட்டில் 1666-ல் தொடங்கிய பிராம்லி கல்லூரி குருமார் விதவைகளுக்கென்றே கட்டியது, அங்கேயும் பாருங்கள். குருமார் பிள்ளைகள் சங்கம் 1678-ல் அரச சாசனம் பெற்ற தர்ம ஸ்தாபனம். அதனிடம் உதவி கேட்டவர்களில் விதவைகளும் உண்டு. குடும்பம் நன்றாக இருந்த வரைக்கும் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை, கஷ்டம் வந்தபோதுதான் விவரம் எல்லாம் தாளுக்கு வந்தது.

இணையத்தில் ஒருவர் குடும்ப மரமே போட்டிருக்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

படியுங்கள். நகலெடுக்காதீர்கள். நான் ஒரு தடவை நகலெடுத்தேன். ஒரே பெயரில், ஒரே கவுன்ட்டியில், ஒரு வருஷ இடைவெளியில் பிறந்த இரண்டு மேரி ஆன்கள். மரம் போட்டவர் நிலக்கிழாரின் மகளைக் குருவுக்குக் கட்டி வைத்திருந்தார். நானும் எட்டு மாசம் அந்த நிலக்கிழாரின் முப்பாட்டன் வரை போய்விட்டேன். கடைசியில் அந்த நிலக்கிழாரின் மகளைக் கல்யாணம் ஆகாமலே, 1871 கணக்கெடுப்பில், அப்பா வீட்டிலேயே பார்த்தேன். குருவின் மனைவி அதே இரவு இருநூறு மைல் தள்ளி ஐந்து பிள்ளைகளோடு எண்ணப்பட்டிருந்தார். திருமணப் பதிவின் நகலுக்கு அன்றே பணம் கட்டினேன். அப்பாவின் தொழில்: துணிக்கடைக்காரர்.